அழுக்கு உடம்புக்கு நல்லதா?

"மண்ணில் புரளும் பிள்ளைக்கு நோய் வராது. பொத்திப் பொத்தி வளர்த்தால்தான் அடிக்கடி சளி பிடிக்கும்." பெரியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது சரியா?

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1989-ல் இங்கிலாந்தில் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். அண்ணன், அக்காள் நிறைய உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவாக இருந்தது. மாட்டுத் தொழுவத்தோடு வளரும் பிள்ளைகளுக்கு இழுப்பு நோய் குறைவு என்பதும் பிறகு தெரிந்தது. மண்ணிலும் மாட்டிடமும் உள்ள பல நுண்ணுயிர்கள் கெடுதல் செய்யாதவை. அவற்றோடு பழகுவது உடம்புக்கு நல்லது.

ஆனால் சாக்கடை கலந்த தண்ணீரில் இருப்பவை வேறு. அவை நோய்க் கிருமிகள்.

மராட்டிய மாநிலத்துப் புனே நகரில் நடந்ததைக் கேளுங்கள். 2025 ஜனவரியில் அங்கே சிங்ககட் சாலைப் பகுதியில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சில நாளில் கால் மரத்தது. நடக்க முடியவில்லை. சிலருக்கு மூச்சு விடவே கருவி தேவைப்பட்டது. புனே வட்டாரத்தில் 200 பேருக்கு மேல் இப்படிப் படுத்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே. புனேயிலேயே தேசிய வைரஸ் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே நோயாளிகளின் மலத்தைச் சோதித்தார்கள். சிலரிடம் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி இருந்தது. அசுத்தத் தண்ணீரிலும், சரியாக வேகாத கோழிக்கறியிலும் வரும் கிருமி அது.

வயிற்றுக் கிருமி காலை எப்படி முடக்கும்? நம் உடம்பில் காவல்காரர்கள் போல எதிர்ப்பு சக்தி இருக்கிறது. இந்தக் கிருமியின் மேல்தோலும் நம் நரம்பின் மேலுறையும் ஒன்றுபோல இருக்கும். திருடனும் வீட்டுக்காரரும் ஒரே நிறச் சட்டை போட்டது போல! காவல்காரர் ஏமாந்து வீட்டுக்காரரையே அடிக்கிறார். கிருமி வந்ததால் எதிர்ப்பு சக்தி வளரவில்லை. சொந்த நரம்பையே தாக்கியது.

இந்த நோய் அபூர்வம்தான். சாதாரண வயிற்றுப்போக்கு அப்படி அல்ல. அது அடிக்கடி வந்தால் பிள்ளை மெலியும். மெலிந்த பிள்ளையை அடுத்த நோய் சுலபமாகப் பிடிக்கும்.

"கிருமியையே பார்க்காத உடம்பு அதை எப்படி எதிர்க்கும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குத்தான் தடுப்பூசி. தட்டம்மை ஊசியில் இருப்பது பலம் குறைத்த தட்டம்மைக் கிருமி. அதைப் பார்த்து உடம்பு பாடம் படிக்கிறது, நோயில் படுப்பதில்லை. இந்த ஊசியைப் பெருமளவில் செய்யும் சீரம் நிறுவனமும் அதே புனேயில்தான் 1966-ல் தொடங்கியது.

பிள்ளை மண்ணில் விளையாடட்டும். சாப்பிடும் முன்பும், மலம் கழித்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். பச்சைக் கோழி வெட்டிய கத்தியைக் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்த சில நாளில் கால் மரத்தாலோ, எழுந்து நிற்கத் தடுமாறினாலோ, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீக்கிரம் போனால் பெரும்பாலோர் பிழைத்து, மெல்ல மெல்ல மறுபடி நடக்கிறார்கள்.