தேர்வாளருக்குக் கண் மங்கலாக இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கிரிக்கெட் மேனேஜர் கேமில் தமிழ்நாடு அணியை எடுத்து, இருபத்தைந்து சீசன் ஓட்டிப் பார்த்தேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு நாள் ஆட்டம் நாலு நாள் ஆட்டமாகவே நடக்கிறது. சேப்பாக்கத்தில் மூன்றாம் நாள் மதியம் பந்து திரும்பத் தொடங்குகிறது, கடைசி நாள் டிராவுக்காகக் கட்டை போடுகிறவனுக்கும் ரன் துரத்துகிறவனுக்கும் வித்தியாசம் தெரிகிறது. பொம்மையார்பாளையத்தில் உன் வீட்டில் உட்கார்ந்து தனி ஆளாக இதைச் செய்திருக்கிறாய். ஆட்டத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்துவது ஆட்டக்காரர்களின் வாழ்க்கை. உன் கேமில் திறமை இருக்கிறவன் எல்லாரும் இந்தியாவுக்கு ஆடிவிடுகிறான். இருபத்தைந்து சீசனில் ஒரு வி.வி.குமார் கூட வரவில்லை, ஒரு பத்ரிநாத் கூட வரவில்லை. முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர் குமார். 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான அறிமுக டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட். அவர் ஆடிய மொத்த டெஸ்ட் இரண்டு. பத்ரிநாத் முதல்தர ஆட்டத்தில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் அடித்தவர், சராசரி 54-ஐத் தாண்டும். நாக்பூரில் 2010-இல் டேல் ஸ்டெயின் ஆடிய அணிக்கு எதிராக அறிமுகமாகி அரைசதம் போட்டார். அவருக்கும் இரண்டே டெஸ்ட். மிடில் ஆர்டரில் திராவிட், சச்சின், லட்சுமண் உட்கார்ந்திருந்த காலத்தில் பிறந்துவிட்டார், அவ்வளவுதான். இந்த மாதிரி ஆட்கள் இல்லாத கிரிக்கெட் உலகத்தை எந்தத் தமிழ் ரசிகனும் நம்ப மாட்டான்.

ஏன் இப்படி ஆகிறது என்று உன் நிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொருவனுக்கும் இன்றைய திறன் ஓர் எண், எட்டக்கூடிய உச்சம் இன்னோர் எண். இந்த வழக்கம் கால்பந்து கேம்களில் இருந்து வந்தது. இங்கிலாந்தில் காலியர் சகோதரர்கள் உருவாக்கி 1992-இல் வெளிவந்த ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ வழியில் வந்தவற்றில் இரண்டுக்கும் 200-க்கு இவ்வளவு என்று மார்க். அந்த வரிசையின் 2001-02 பதிப்பில் செர்னோ சம்பா என்ற பையனை வாங்கிப் போட்டால் கோல் மழைதான். நிஜ சம்பா பெரிய லீக் எதிலும் நிலைக்கவில்லை. எண்ணை எழுதினவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சின்னப் பையனுக்கு மார்க் போட்டால் இப்படித்தான் ஆகும். கிரிக்கெட்டில் 1998-இல் வந்த ‘இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்’ ஆடி வளர்ந்த நாங்களும் பதினேழு வயது மேதையைத் தேடியே சீசன் சீசனாக ஓட்டினோம்.

மறைந்திருக்கும் எண் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் உன் தேர்வுக்குழு அதே எண்ணைப் படித்து அணியைத் தேர்ந்தெடுக்கிறது. கடவுளே தேர்வுக்குழுத் தலைவராக உட்கார்ந்த மாதிரி. அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் ஆடிய புத்தக கிரிக்கெட்டை எடுத்துக்கொள். புத்தகத்தை விரிக்க வேண்டும், இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். எங்கள் ஊர்ச் சட்டத்தில் பூஜ்யம் வந்தால் அவுட், இரண்டு, நாலு, ஆறு அப்படியே, எட்டு வந்தால் ஒரு ரன். ஐந்து விரிப்புக்கு ஒரு விக்கெட், அதற்குள் சராசரியாகப் பதின்மூன்று ரன். பத்து விக்கெட்டுக்கு 130. இந்தக் கணக்கில் ஆடுகிற எல்லாருக்கும் ‘திறமை’ ஒன்றுதான், 13. ஆனாலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் சதம் அடித்துவிட்டு டெண்டுல்கர் என்று பெயர் வாங்கியிருப்பான். மூன்றாம் பென்ச்சு டெண்டுல்கரைப் பார்த்து ஏமாந்த நாம்தான் பெரியவர்களாகித் தேர்வாளர்கள் ஆகிறோம்.

இதையே ரஞ்சிக்குக் கொண்டு வா. லீக் கட்டத்தில் ஏழு ஆட்டம், ஒரு பேட்ஸ்மேனுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு இன்னிங்ஸ். கிரிக்கெட் ஸ்கோர் எப்படிச் சிதறும் என்று உனக்குத் தெரியும், சராசரி எவ்வளவோ சிதறலும் கிட்டத்தட்ட அவ்வளவு. உண்மையில் 40 சராசரி உள்ளவன் ஒரு சீசனில் 28-லும் முடிப்பான், 52-லும் முடிப்பான், இரண்டும் அதிசயமில்லை. உண்மையில் 45 சராசரிக்காரன் ஒருவனையும் 35 சராசரிக்காரன் ஒருவனையும் ஒரே சீசனில் ஓட்டு. நாலு சீசனில் ஒன்றிலாவது 35-காரன் முந்திக்கொண்டு நிற்பான். பேப்பரில் அவன் பெயர்தான் வரும். 45-காரனுக்கு அந்த வருடம் கல்யாணம் ஆகியிருந்தால் கல்யாணத்தின் மேல் பழி போடுவார்கள்.

ஆகவே உன் தேர்வுக்குழுவிடம் இருந்து அந்த மறைந்த எண்ணைப் பிடுங்கிவிடு. ஸ்கோர்கார்டை மட்டும் கொடு. போன சீசன் ரன், நேரில் பார்த்த இரண்டு மூன்று ஆட்டம், வயது, யார் எந்த கிளப்பில் ஆடுகிறான் என்கிற செய்தி. டிவியில் வந்த ஆட்டத்துக்குக் கூடுதல் கனம் போடு, நிஜத்திலும் அப்படித்தான். இந்த ஒரு மாற்றத்தில் உன் கேமுக்குக் குமார்களும் பத்ரிநாத்களும் தானாக வந்துவிடுவார்கள், தனியாக எழுத வேண்டியதில்லை. ஆடுகிறவனுக்கும் அந்த எண்ணைக் காட்டாதே. நட்சத்திரக் குறி போட்டுக் காட்டினால் அவன் அணித்தேர்வு செய்யவில்லை, கூட்டல் கணக்குப் போடுகிறான்.

அடுத்தது காயம். உன் கேமில் காயம் என்றால் அடிபட்டவனுக்குத்தான் நஷ்டம். பக்கத்தில் இருக்கிறவனுக்கு அதுவே வாழ்க்கை. 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போன நடராஜன் நெட் பவுலராகப் போனவர். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்து, சென்னையில் கீழ் டிவிஷன் லீக்கில் தொடங்கி, ரஞ்சியில் அறிமுகமான கையோடு பந்துவீச்சு ஆக்‌ஷன் மேல் புகார் வந்து, அதைத் திருத்திக்கொண்டு மீண்டவர். டிசம்பரில் ஒருநாள், டி20 இரண்டிலும் ஆடினார். பும்ரா, ஷமி, உமேஷ், இஷாந்த் எல்லாரும் அடிபட்டுக் கிடந்ததால் 2021 ஜனவரி 15-ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். அதே ஆட்டத்தில் வாஷிங்டன் சுந்தருக்கும் அறிமுகம், அவரும் நெட்டில் பந்து போடத் தங்கவைக்கப்பட்டவர்தான். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் தலா மூன்று விக்கெட். வாஷிங்டன் 62 ரன் அடித்து ஷர்துலோடு சேர்ந்து அணியைத் தூக்கி நிறுத்தினார். இந்தியா 328-ஐத் துரத்தி மூன்று விக்கெட்டில் ஜெயித்தது. வாஷிங்டன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். நடராஜனுக்கு அதற்குப் பிறகு அவருடைய காயங்களே குறுக்கே வந்தன, டெஸ்ட் கணக்கு ஒன்றிலேயே நிற்கிறது. ஒரே வாசல், இரண்டு பேர் நுழைந்தார்கள். உன் கேமில் இந்த வாசலே இல்லை. காயமடைந்தவனுக்குப் பதில் பட்டியலில் அடுத்த எண் வருகிறது. அந்த ஊரில், அன்று யார் இருக்கிறான் என்பதைக் கேள். அது போதும்.

வயது வளைவு பற்றி நிறையப் பேசலாம், நீயும் நிறையப் படித்திருக்கிறாய். ஒன்று மட்டும். உன் வளைவுகள் எல்லாம் அழகான மலை, ஏறி இறங்குகின்றன. எல்.சிவராமகிருஷ்ணன் 1983-இல் ஆன்டிகுவாவில் டெஸ்ட் ஆடியபோது வயது 17. மறுவருடம் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட். 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட். இருபது வயதில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது, ஒன்பது டெஸ்டில் 26 விக்கெட். எந்த வளைவில் இவரை வரைவாய்? வருண் சக்ரவர்த்தியை எதில் வரைவாய்? பள்ளியில் கீப்பர், பிறகு கிரிக்கெட்டையே விட்டுக் கட்டடக்கலை படித்தார், திரும்பி வந்து வேகப்பந்து போட்டார், முழங்காலில் அடி, அதற்குப் பிறகுதான் சுழல். 2018-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) மதுரைக்கு ஆடி, மறுவருட ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். உன் கேமில் ஸ்பின் என்ற கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம் போட்டு மூடியிருப்பாய். அஸ்வின்கூடச் சின்ன வயதில் தொடக்க ஆட்டக்காரர். 537 டெஸ்ட் விக்கெட் பிற்பாடு வந்த கதை. பிறக்கும்போதே வேலையைப் பிரித்துக் கொடுக்காதே. இருபது வயதுக்குப் பிறகும் ஒருவன் இன்னொன்றாக மாறக் கதவைத் திறந்து வை, மாறியவர்களில் பெரும்பாலோர் தோற்கட்டும்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். உன் கேமில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்று ஒரு பட்டியலில் பெயராக மட்டும் இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நீ இருக்கிற இடம் எப்படிப்பட்டது என்று பார். ஈசிஆரில் தெற்கே கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று போனால் அதுவும் புதுச்சேரி. நடுவில் உன் ஊர் தமிழ்நாடு. உன் ஊர்ப் பையன் ஒருவன் கடற்கரையில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் வேகமாகப் போடுகிறான் என்று வை. அவனுக்கு வழி விழுப்புரம் மாவட்ட அணி, அங்கிருந்து சென்னை லீக், ரூம் வாடகை, சாப்பாடு. பைக்கில் போகிற தூரத்தில் துத்திப்பட்டில் ரஞ்சி ஆட்டம் நடக்கிற மைதானம் இருக்கிறது, ஆனால் அது வேறு சங்கம். 2018-19-இல் ரஞ்சிக்குள் வந்த ஒன்பது புது அணிகளில் புதுச்சேரியும் ஒன்று. முதல் சீசனிலேயே வெளியூரில் இருந்து அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பரஸ் டோக்ரா எல்லாம் வந்து ஆடினார்கள். யார் உள்ளூர்க்காரர் என்ற தகராறில் பல ஆட்டக்காரர்களின் அனுமதியை இந்திய கிரிக்கெட் வாரியம் நடுவிலேயே திரும்பப் பெற்றது. பிறந்த இடம், இருப்பிடம், படிப்பு, வேலை இவற்றை வைத்துத்தான் ஒருவன் எந்த அணிக்காரன் என்று முடிவாகிறது. உன் ஊர்ப் பையன் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ஒரு வாழ்க்கை, விழுப்புரத்தில் காலேஜ் சேர்ந்தால் வேறு வாழ்க்கை. பந்துவீச்சு அதேதான்.

எந்த வெளிநாட்டு ஸ்டுடியோவும் இதை எழுத முடியாது. தெருவில் நின்று பார்த்தவன் நீ. இதை விட்டுவிட்டு நீ பிக் பாஷ் லீக்குக்கு ஜெர்சி கலர் சரிசெய்துகொண்டிருக்கிறாய்!

இன்னொன்றையும் உன் கடற்கரை சொல்லும். புதுச்சேரித் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் 1980-களின் கடைசியில் எழுந்த பிறகு வடக்கே மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போகிறது, தூண்டில் வளைவு கேட்டு உங்கள் ஊர் மீனவர்கள் எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பது உனக்கே தெரியும். ஒரு தலைமுறை ஓடிப் பந்து போட்ட இடம் அடுத்த தலைமுறைக்கு இல்லை. உன் கேமில் இருபத்தைந்து வருடத்துக்கும் அதே மைதானம், அதே போட்டிகள், அதே விதிகள். 1998-இல் ஒரு கேம் தொடங்கியவன் 2008-இல் ஐபிஎல் வரும், 2016-இல் டிஎன்பிஎல் வரும், 2018-இல் ரஞ்சியில் 37 அணி ஆகும் என்று கனவிலாவது நினைத்திருப்பானா? உன் இருபத்தைந்து வருடத்திலும் ஒரு போட்டி பிறக்கட்டும், ஒன்று சாகட்டும். சம்பளம் இடம் மாறட்டும். நாலு நாள் ஆட்டத்துக்கென்றே வளர்ந்த ஒருவன் தன் முப்பதாவது வயதில் தனக்கு வேலை இல்லை என்று கண்டுகொள்ளட்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மிக அபூர்வமான முடிவுகளைப் பிழை என்று எண்ணி வெட்டிவிடும் ஒரு வரியைப் பார்த்தேன். அதை எடுத்துவிடு. 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ரஞ்சியின் முதல் ஆட்டம் அன்றைக்கே முடிந்துவிட்டது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன், ஏ.ஜி.ராம்சிங்குக்குப் பதினோரு விக்கெட். உன் சோதனை விதி அன்று இருந்திருந்தால் ரஞ்சி வரலாற்றின் முதல் ஆட்டத்தையே தூக்கி எறிந்திருக்கும். இன்னொரு பக்கம், தமிழ்நாடு இத்தனை வருடத்தில் ரஞ்சி வென்றது 1954-55-இலும் 1987-88-இலும் மட்டும்தான். உன் கேமில் நான் பெரிதாக ஒன்றும் செய்யாமலே நாலைந்து கோப்பை வந்துவிட்டது. மகிழ்ச்சிதான், ஆனால் நம்ப முடியவில்லை.

வேலை வரிசையை இப்படி வைத்துக்கொள். முதலில் தேர்வுக்குழு. அதன் பிறகு எல்லை, சங்கம், காலேஜ், கிளப். அதற்குப் பிறகு வேலை மாறுகிற ஸ்பின்னர்கள். முப்பரிமாண ஸ்டேடியத்தை இந்த வருடம் தொடாதே. அடுத்த பதிப்பை அனுப்பும்போது விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்குகிற ஒரு ஆட்டக்காரனின் சேவ் ஃபைலையும் சேர்த்து அனுப்பு. அவனை வைத்தே தொடங்குகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்