தையில் எடுத்த உறுதி ஆடியிலும் நிலைக்க

தை பிறந்தவுடன் எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வருவோர் பலர், "இந்த ஆண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன், டாக்டர்" என்கிறார்கள். அந்த உறுதியை நாங்கள் ஐயுறுவதில்லை. ஆனால் பங்குனி வெயில் ஏறியதும் நடைப்பயிற்சி நின்றுவிடுகிறது. உடலில் தொந்தரவு ஏதும் தெரியாததால் சிலர் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். வலி இருந்தால் எவரும் மருந்தை மறப்பதில்லை. இந்நோயோ விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாத நரம்புகளையும் பல ஆண்டுகள் ஓசையின்றிக் கெடுக்கிறது.

"சர்க்கரையைக் குறைப்பேன்" என்பது விருப்பம். நாளைக் காலையில் என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. "வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் நடப்பேன்" என்பதே இலக்கு. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்தோரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான பெரும் ஆய்வு ஒன்றில், வாழ்க்கை முறையை மாற்றிய குழுவினருக்குத் தரப்பட்ட முதன்மை இலக்குகள் இரண்டே: வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, எடையில் 7 விழுக்காடு குறைப்பு. 80 கிலோ உள்ளவருக்கு அது ஆறு கிலோவுக்கும் குறைவு. வெற்று மாத்திரை பெற்ற குழுவினரைவிட இவர்களிடம் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது.

ஓராண்டு நெடுங்காலம், அதை நான்காகப் பகுத்துக்கொள்வது நல்லது. அதற்கு உதவுவது 'மூன்று மாதச் சர்க்கரை' என்று நாம் வழங்கும் எச்பிஏ1சி பரிசோதனை. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்நாள்களில் அதன் ஹீமோகுளோபினில் ஒட்டும் சர்க்கரையையே இது அளக்கிறது. பரிசோதனைக்கு முந்தைய நான்கு நாள் மட்டும் பத்தியம் இருந்து வருவோரை நாங்கள் நன்கறிவோம்! வெறும் வயிற்றுச் சர்க்கரை அதற்கு ஏமாறலாம், இது ஏமாறாது. அதே காரணத்தால், பண்டிகையன்று உண்ட ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் இதைக் குலைத்துவிடுவதுமில்லை. ஆகவே திருமண வீட்டிலோ பயணத்திலோ ஒரு நாள் தவறினால், மறுநாளே பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள். "இனி அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணமே அந்த ஒரு நாளைவிடத் தீங்கானது.

பலருக்கு எச்பிஏ1சி 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது இலக்கு. முதியோருக்கும், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோவோருக்கும் அதைத் தளர்த்தியே வைக்கிறோம். அடுத்த வீட்டாரின் எண்ணை உங்கள் இலக்காகக் கொள்ள வேண்டாம். இரத்தசோகை இருந்தால் இந்த எண் பிறழக்கூடும் என்பதால் அதையும் தெரிவியுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை போன்ற விரத நாள்களில் மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம். விரதத்துக்கு முன்பே வந்து கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். உணவு மேசையில் "அதைத் தொடாதே" என்று காவல் காத்தால், மறைவில் உண்ணும் பழக்கமே வளர்கிறது. எல்லார் தட்டிலும் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். மாலையில் உடன் நடங்கள். இரவில் அவர் பாதங்களில் கொப்புளமோ வெடிப்போ உள்ளதா என்று பாருங்கள். உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் அவருக்குத் தெரியாது.

அடுத்த முறை வரும்போது, நடந்த நாள்களை வட்டமிட்ட நாட்காட்டித் தாளையும் கொண்டுவாருங்கள். வட்டமில்லாத நாள்களைப் பற்றியும் பேசுவோம்.