தொழில்நுட்ப வேலைக்கான ரெஸ்யூம்: முக்கியக் குறிப்புகள்

பொறியியல், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடுவோருக்கும், வேலைவாய்ப்புத் திறன் பாடத்தில் தேர்வு எழுதுவோருக்கும் இந்தக் குறிப்புகள். முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள்: ரெஸ்யூமில் எழுதும் ஒவ்வொரு வரியும் நேர்முகத்தில் கேள்வியாகத் திரும்பி வரும். பதில் சொல்ல முடியாத வரிக்கு அங்கே இடமில்லை.

ஆண்டுகளும் பெயர்களும்

● ஏறத்தாழ 1482: லியோனார்டோ டா வின்சி, மிலனை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதம். பாலம், பீரங்கி, போர் வண்டி என்று தன்னால் செய்ய முடிந்தவற்றை எண்ணிட்டுச் சொல்கிறார். ஓவியம் கடைசியில்தான் வருகிறது. போர்க்காலத்து ஆட்சியாளருக்கு என்ன தேவையோ அதை முன்னால் வைத்தார். இன்றைய விண்ணப்பதாரரும் கற்க வேண்டியது இதுதான்.

● பிடிஎஃப்: அடோபி நிறுவனம், 1993. ஐஎஸ்ஓ 32000 என்ற உலகத் தரமானது 2008-ல்.

● நௌக்ரி வேலைத் தளம் 1997, லிங்க்ட்இன் தளம் 2003, கிட் மென்பொருள் 2005 (லினஸ் டார்வால்ட்ஸ்), கிட்ஹப் 2008.

● மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015. தமிழ்நாடு தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம் 2020. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் 1 மார்ச் 2022.

● பயோடேட்டா: பிறந்த தேதி, தந்தை பெயர், மதம், திருமண நிலை எல்லாம் கொண்ட பழைய வடிவம். சி.வி.: ஆராய்ச்சி, ஆசிரியப் பணிக்கான முழு வரலாறு, பக்க வரம்பு இல்லை. ரெஸ்யூம்: குறிப்பிட்ட ஒரு வேலைக்காகத் தேர்ந்து எழுதுவது. ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம், அனுபவசாலிக்கு இரண்டு.

முதலில் மென்பொருள், பிறகு மனிதர்

● பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூம் முதலில் விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளுக்குள் போகிறது. அது எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும். இரண்டு பத்தி அமைப்பு, கட்டம், படமாக வைத்த எழுத்து, நட்சத்திரம் போட்டுக் காட்டும் திறன் அளவு ஆகியவை அங்கே சிதையலாம். பக்கத்தின் தலைப்பட்டையில் வைத்த தொலைபேசி எண் சில நேரம் காணாமலே போகும்.

● சோதிக்கும் முறை எளிது. உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வாசிக்க முடிந்தால் பெரும்பாலும் மென்பொருளும் வாசிக்கும்.

● ‘75 விழுக்காடு ரெஸ்யூம்களை மென்பொருளே தூக்கி எறிகிறது’ என்று பயிற்சி மையங்களில் சொல்லப்படுவதற்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. அதைக் கேட்டு, வேலை விளம்பரத்தின் சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள். பிடிபட்டால் நம்பிக்கை போய்விடும்.

● மனிதர் பார்க்கும் நேரம்: தி லேடர்ஸ் என்ற வேலைத் தள நிறுவனத்தின் கண்ணசைவு ஆய்வு, 2012-ல் சுமார் 6 விநாடி, 2018-ல் 7.4 விநாடி. இது முதல் பார்வைக்கான நேரம் மட்டுமே. முதல் பக்கத்தின் மேல் பாதியில் உங்கள் வலுவான விஷயம் இருக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

● அந்த இடத்தை ‘சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புகிறேன்’ என்ற குறிக்கோள் வரிக்குக் கொடுக்காதீர்கள். எல்லோரும் எழுதும் வரி அது. உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ப்ராஜெக்ட்: ஃப்ரெஷரின் அனுபவம்

● கூகுளில் 2006 முதல் 2016 வரை மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் பரப்பிய சூத்திரம்: எதைச் சாதித்தீர்கள், எந்த அளவுக்கு, எப்படிச் செய்து. மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும்.

● வலுவற்ற வரி: ‘கல்லூரிப் பேருந்துச் செயலி, ஆண்ட்ராய்டு.’ வலுவான வரி: ‘பேருந்தின் இருப்பிடத்தை மாணவருக்குக் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி, கோட்லின், ஃபயர்பேஸ், 4 பேர் குழுவில் இருப்பிடத் தரவுப் பகுதி என் பொறுப்பு, 2 வழித்தடங்களில் 6 வாரம் சோதிக்கப்பட்டது.’ குழுவில் உங்கள் பங்கு எது என்று தனியே சொல்வது மிக முக்கியம். நேர்முகத்தில் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.

● மெக்கானிக்கல் பிரிவுக்கும் இதே விதி. ‘சாலிட்வொர்க்ஸ் தெரியும்’ என்றால் போதாது. எந்தப் பாகத்தை வரைந்தீர்கள், டாலரன்ஸ் எவ்வளவு, லேத்தில் செய்தீர்களா சி.என்.சி.யில் செய்தீர்களா? இ.இ.இ. மாணவர் ‘பி.எல்.சி.’ என்று எழுதினால் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரகடத்திலோ ஓசூரிலோ தொழிற்சாலை இன்ஜினியர் டிராயிங்கை நீட்டி வாசிக்கச் சொன்னால் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

● பணம் கொடுத்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வாங்கும் பழக்கம் நம் மாணவர்களுக்குப் பெரிய கேடு. ‘டேட்டாபேஸில் இந்த இரண்டு டேபிளை ஏன் தனித்தனியாக வைத்தீர்கள்?’ என்ற ஒரே கேள்வியில் அது நின்றுபோகும். தானே செய்த சின்ன ப்ராஜெக்ட், தடுமாறிச் செய்ததாக இருந்தாலும், பத்து நிமிடம் பேச விஷயம் தரும். கோடு எழுதுபவராக இருந்தால் அதைக் கிட்ஹப்பில் ஏற்றி, எப்படி இயக்குவது என்று விளக்கக் கோப்பும் வையுங்கள்.

● பழகுநர் சட்டம் 1961-ன்படி தொழிற்சாலையில் பெற்ற அப்ரண்டிஸ் பயிற்சி உண்மையான அனுபவம். இயந்திரத்தின் பெயர், பார்த்த வேலை, காலம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு வாரம் சுற்றிப் பார்த்த இன்ப்ளான்ட் டிரெயினிங்கை இன்டர்ன்ஷிப் என்று எழுதக் கூடாது.

திறன், மதிப்பெண்

● ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. இரண்டும் வெளிவந்தது 1995. முன்னது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். பின்னது நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கியது. ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்து இரண்டு சொல்லாக எழுதும் ரெஸ்யூம், எழுதியவருக்கு அதில் பழக்கம் குறைவு என்று காட்டிவிடும்.

● பைத்தான் 2-க்கான ஆதரவு 1 ஜனவரி 2020-ல் முடிந்தது. பழைய பதிப்பை மட்டும் கற்றவர் புதியதற்கு மாறிவிட்டு எழுதுங்கள்.

● கேட் மதிப்பெண் செல்லுபடி: முடிவு வந்த நாளிலிருந்து 3 ஆண்டு.

● சிஜிபிஏ-யைக் கூட்டி எழுதாதீர்கள். அரியர் இருந்தால், விண்ணப்பம் கேட்கும் இடத்தில் உள்ளபடி சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் எப்படியும் சரிபார்க்கப்படும்.

பெயரும் தனிவிவரமும்

● நம் இனிஷியல் முறைக்குப் பல இணையப் படிவங்களில் இடமில்லை. ‘லாஸ்ட் நேம்’ கேட்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படி விரித்திருக்கிறீர்களோ அதையே எங்கும் பயன்படுத்துங்கள். பான், சான்றிதழ், ரெஸ்யூம் மூன்றிலும் பெயர் மாறினால் சேரும் நாளில் அலைச்சல்.

● பெயரே பாகுபாட்டுக்கு வழி செய்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் பெர்ட்ரண்ட், முல்லைநாதன் (2004): ஒரே தகுதியுள்ள ரெஸ்யூம்களில் வெள்ளையர் பெயர் கொண்டவற்றுக்கு 50 விழுக்காடு அதிக அழைப்பு. இந்தியாவில் சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் (2007): தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவு. சாதி, மதம், சொந்த ஊர் விவரம் எதுவும் தனியார் நிறுவன ரெஸ்யூமில் வேண்டாம்.

● மென்பொருளும் பாகுபாடு காட்டும். பெண்கள் என்ற சொல் வந்த ரெஸ்யூம்களின் மதிப்பைக் குறைத்ததால் அமேசான் தன் தேர்வு மென்பொருளைக் கைவிட்டது (ராய்ட்டர்ஸ் செய்தி, 2018).

● அமெரிக்க நிறுவனங்களுக்குப் புகைப்படம், வயது வேண்டாம். ஜப்பானியப் படிவத்தில் புகைப்படம் உண்டு. வளைகுடா வேலைக்கு விசா நிலையைக் கேட்பார்கள்.

போலி அனுபவம், மோசடி அழைப்பு

● பி.எஃப். கணக்கின் யுஏஎன் 12 இலக்க எண், 2014-ல் வந்தது. முன்பு வேலை செய்த நிறுவனங்களும் காலமும் அதில் பதிவாகின்றன. பணம் கொடுத்து வாங்கிய அனுபவச் சான்றிதழ் அங்கே பொய்த்துப் போகும். வேலை போவதோடு முடியாது: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 336-ன்படி ஆவணப் போலி குற்றம்.

● ஆதார் எண், பான் எண், வங்கி விவரம் ஆகியவற்றை ரெஸ்யூமில் எழுதாதீர்கள். வேலைத் தளங்களில் ஏற்றிய ரெஸ்யூம் யார் கைக்கும் போகலாம். பதிவுக் கட்டணம், லேப்டாப் முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று கேட்டு வரும் அழைப்பை உடனே துண்டியுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.