தோட்டத்துக்குக் குடிபோகிறீர்களா? மருந்துப் பெட்டி முதலில்!

பெட்டாலிங் ஜெயாவில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வசதியை விட்டு, கோல குபு பாரு, பெந்தோங் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறுவோர் கவனிக்க:

• அருகிலுள்ள கிளினிக் டேசா, மாவட்ட மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும் என்று மழைநாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கைப்பேசி அலை எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அவசர எண் 999.

• கிளம்புமுன் செம்பிறைச் சங்கத்தில் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டாகியிருந்தால் மீண்டும் போடுங்கள்.

• நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைத் தீருமுன்பே வாங்கி வையுங்கள். இன்சுலின் இருந்தால், மின்தடைக்குப் பனிப்பெட்டி தேவை.

• வயிற்றுப்போக்குக்கு: கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

• பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள்.

• சேற்றில் இறங்க பூட்ஸ் அவசியம். அதன்பின் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கைவைத்தியம் மருத்துவருக்கு மாற்றல்ல. அவரிடம் சேரும்வரை உயிரைக் காக்கவே இந்தத் தயாரிப்பு.