வயலில் கிடைத்த காசுக்கு ஒரு போல்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தை கேம்ஸ், பாட்டு, குடும்பப் படங்கள் என்று ஓட்டிவிட்டு, "இனி இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்பது வழக்கம். அவர்களுக்காக இந்தப் பாடம். போல்டர் அமைப்பது, பைலுக்குப் பெயர் கொடுப்பது, எக்ஸெல்லில் பட்டியல் போடுவது, கூகுள் எர்த்தில் இடத்தைக் குறிப்பது ஆகிய நான்கையும் ஒரே வேலையில் பழகிவிடலாம். வேலை என்னவென்றால், வயலில் தென்படும் பழங்காசுகளைப் பதிவு செய்வது.

தஞ்சாவூர்ப் பக்கம் நண்பர்கள் நான்கு பேருக்குமாகச் சேர்த்து எங்களிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. புதையல் தேடுவதற்காக வாங்கியது அல்ல. நடவு நாளில் ஒரு அக்காவின் தோடோ மெட்டியோ சேற்றில் விழுந்துவிட்டால், அன்றைக்கு அந்த வயலில் வேலையே ஓடாது. கூலி வேலைக்கு வந்தவருக்கு அந்தத் தோடு பல மாதச் சம்பாத்தியம். "தம்பி, அந்த மிஷினை எடுத்துக்கிட்டு வாங்களேன்" என்று போன் வரும், போவோம். தோட்டைத் தேடும்போது சில சமயம் பழைய காசும் வந்து சேரும். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. கீழே வட்டமாக இருப்பது கம்பிச் சுருள். அதில் மாறி மாறிப் பாயும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்த எதிரொலியைப் பிரித்துப் பார்த்து, இது இரும்பு, இது செம்பு போல இருக்கிறது என்று ஊகித்து எண்ணாகக் காட்டுவது உள்ளே இருக்கும் சிறிய பிராசசர். அதாவது இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் ஊகம் ஊகம்தான். மெல்லிய தங்கத் தோடும் பூச்சிமருந்துப் பாக்கெட்டின் ஈயத்தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். டெல்டா வயலில் பத்து முறை சத்தம் கேட்டால் பெரும்பாலும் மாட்டு லாட ஆணி, ரோட்டவேட்டர் போல்ட், பாட்டில் மூடி இவைதான். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்து வராது.

பருவமும் பார்க்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுத்த கையோடு உளுந்து, பயறு முளைத்து நிற்கும் வயலில் கால் வைக்கவே கூடாது. அது முடிந்து, சித்திரை, வைகாசியில் தரிசாகக் கிடக்கும்போதுதான் வயல்காரர் சரி என்பார். அவருடைய சம்மதம் இல்லாமல் வரப்பைத் தாண்டாதீர்கள்.

இனி காசு. இந்தப் பக்கத்தில் அதிகம் பேசப்படுவது ராஜராஜன் காசு என்கிற செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்ற பெயர். தஞ்சை நாயக்கர், மராட்டியர் காலக் காசுகளும் உண்டு. கடற்கரையை நெருங்க நெருங்க வேறு ஆட்கள் வருவார்கள். வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்தும் பின்னிப் பிணைந்து இருந்தால், அது நம் வ.உ.சி. அல்ல! 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்த டச்சுக் கம்பெனியின் முத்திரை. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களும் சின்னச் சின்னக் காசு அடித்தார்கள். தமிழில் புதுச்சேரி என்றே எழுதிய பிரெஞ்சுக் காசும் உண்டு.

எந்தக் காசானாலும் வீட்டில் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது. மேலே படிந்த பச்சையோடு எழுத்தும் போய்விடும்.

இடம் தெரியாத காசு

ஒரு ராஜராஜன் காசு தனியாக நமக்குப் புதிதாக எதையும் சொல்லாது. அதைப் போன்றவை அருங்காட்சியகங்களில் நிறையவே உள்ளன. ஆனால் இந்த ஊரில், இந்த வயலின் வடக்கு மூலையில், பழைய வாய்க்காலுக்கு இருபது அடி தள்ளி ஐந்து காசுகள் கிடைத்தன என்றால், அங்கே ஒரு காலத்தில் சந்தையோ பாதையோ குடியிருப்போ இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் யோசிக்கத் தொடங்குவார். காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தச் செய்தி போயே போய்விட்டது. எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

இடத்தைப் பற்றிய சாட்சி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டெல்டாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள பத்தூரில் 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது ஐம்பொன் நடராஜர் வெளியே வந்தார். யாருக்கும் தகவல் சொல்லப்படவில்லை. சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போய், 1982-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு கம்பெனி அதை வாங்கியது. லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்ற, வழக்கு நடந்தது. இந்தச் சிலை பத்தூரில் கிடைத்ததுதான் என்று எப்படி நிரூபிப்பது? கண்டெடுத்த நாளில் ஒரு போட்டோ இல்லை, ஒரு கடிதம் இல்லை. அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டு, ஒட்டியிருந்த மண், கரையான் தடம், உலோகம் வரைக்கும் நிபுணர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. 1988-ல் தீர்ப்பு, 1991-ல் மேல்முறையீட்டிலும் வெற்றி, அந்த ஆண்டே சிலை இந்தியா திரும்பியது. நம் கையில் இருக்கும் போன் இரண்டு நொடியில் செய்யும் வேலைக்கு அங்கே ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது.

போட்டோவும் போல்டரும்

போனில் கேமராவைத் திறந்து, செட்டிங்ஸ் பகுதியில் லொகேஷன் என்பதை ஆன் செய்துகொள்ளுங்கள். காசு மண்ணில் கிடக்கும்போதே, கையால் எடுப்பதற்கு முன், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு நான்கு அடி பின்னால் போய் வரப்பு, மரம், மோட்டார் கொட்டகை ஏதாவது ஒன்று தெரியும்படி இன்னொரு படம்.

இப்படி எடுத்த படத்திற்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். யூ.எஸ்.பி. கேபிளில் போனை இணைத்துப் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடுங்கள். விண்டோஸில் அந்தப் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் தேர்ந்தெடுத்து, டீட்டெய்ல்ஸ் டேபில் கீழே இறங்கினால் ஜி.பி.எஸ். என்ற தலைப்பில் அந்த எண்களைப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த எண்கள் நீக்கப்பட்டுவிடும், படமும் சுருங்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமானால் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள்.

டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் காசுகள் என்று ஒரு போல்டர், அதற்குள் ஊருக்கு ஒரு போல்டர். பைலுக்குப் பெயர் கொடுக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2025-05-18-01-முன், 2025-05-18-01-பின் என்பது போல. நாளை முதலில் எழுதினால் மே 18-ம் ஜூன் 18-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் ஸ்கேனர் இருந்தால் காசுக்கு அது நல்ல தோழன். கண்ணாடி கீறாமல் இருக்க ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள், அதன் மேல் காசு, மூடியைத் திறந்தே வைத்து மேலே கறுப்புத் துணி. 1200 டி.பி.ஐ. வைத்தால் 20 மில்லிமீட்டர் காசு சுமார் 945 பிக்சல் அகலத்திற்கு வரும். தேய்ந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க இது போதும். பி.என்.ஜி. அல்லது டிஃப் ஆக சேவ் செய்திடுங்கள்.

எக்ஸெல் செய்யும் குறும்பு

பட்டியலில் வரிசை எண், நாள், ஊர், புல எண், அட்சரேகை, தீர்க்கரேகை, எடை, விட்டம், என்ன ஆழம், வயல்காரர் சம்மதம், படத்தின் பைல் பெயர் இவை போதும். ஆனால் புல எண் என்ற இடத்தில் 12/3 என்று தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். எக்ஸெல் அதைத் தேதி என்று நினைத்துக்கொண்டு மாற்றி எழுதிவிடும். வயலே காணாமல் போய்விட்டது! அந்தக் காலத்தை முழுவதும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் போய், டெக்ஸ்ட் என்று முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். அட்சரேகைக்கு ஐந்து தசம இடம் வரை எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கும். போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்னே பின்னே காட்டும் என்பதால் அதற்கு மேல் எழுதிப் பயனில்லை.

இன்னொரு காலம் நான் கட்டாயம் வைப்பேன்: மண் எங்கிருந்து வந்தது? கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலில் கொட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். அப்படியானால் வயலில் கிடைத்த காசு உண்மையில் குளத்துக் காசாக இருக்கலாம். இதை எந்த சாப்ட்வேரும் கண்டுபிடிக்காது, வயல்காரரிடம் கேட்டால்தான் தெரியும்.

பட்டியல் பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் ஃபைல், சேவ் அஸ் சென்று, சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8 என்ற வகையில் சேவ் செய்திடுங்கள். வெறும் சி.எஸ்.வி. கொடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகலாம். இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் புரோவில் ஃபைல், இம்போர்ட் என்று இந்தப் பைலைக் கொடுத்து, எது அட்சரேகை, எது தீர்க்கரேகை என்று காட்டினால், காசுகள் எல்லாம் வயல்மேல் புள்ளிகளாக விழும். மேலே உள்ள கடிகாரப் படத்தைக் கிளிக் செய்தால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். இப்போது தூர்ந்துபோன வாய்க்காலின் தடம் சில சமயம் அதில் தெரியும். இந்தப் புள்ளிப் படத்தை மட்டும் பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். மறுநாள் இரவே மண்வெட்டியோடு ஆள் வரும். பிரிட்டனில் 1997 முதல் இப்படிக் கிடைத்த பொருள்களைப் பொதுமக்களிடமிருந்து பதிவு செய்துவரும் திட்டத்தில்கூட, துல்லியமான இடத்தை எல்லோருக்கும் காட்டுவதில்லை.

அந்த நாட்டில் 1992-ல் ஹாக்ஸ்ன் என்ற ஊரில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித்தர ஒரு நண்பர் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியர் காலப் புதையல், காசு மட்டும் 14,865. கொஞ்சம் தோண்டியதும் நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். அதனால்தான் பெட்டிக்குள் எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பது வரை ஆய்வாளர்களால் பார்க்க முடிந்தது. சுத்தியலும் கிடைத்து, பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஆட்சியருக்குக் கடிதம்

நம் நாட்டில் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் அமலில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளின் தன்மையும் அளவு அல்லது மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த நாள் இவற்றை அது கேட்கிறது. நம் எக்ஸெல் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவைதான். பொருளை அருகில் உள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ, உரிய ஈடு கொடுக்கவோ வேண்டும். மறைத்தால் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. விசாரணையில் உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். ஒற்றைச் செப்புக்காசு பத்து ரூபாய் பெறுமா என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். கோயில், கோட்டை, தொல்லியல் துறை பலகை உள்ள இடங்களின் பக்கம் கருவியைக் கொண்டே போவதில்லை.

பானையோ சிலையோ தென்பட்டால் தோண்டாமல், படம் எடுத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்யுங்கள். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் வெட்டியபோது கிடைத்த பானையில் 505 தங்கக் காசுகள் இருந்தன. எண்ணி, 1.716 கிலோ என்று எடை போட்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன.

கடிதத்தை வேர்டில் யூனிகோட் தமிழில் டைப் செய்து, இன்செர்ட் மெனுவில் பிக்சர்ஸ் மூலம் காசின் இரு பக்கப் படத்தையும் சேர்த்து, இரண்டு பிரதி பிரின்ட் எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை போட்ட தாளையும் ஸ்கேன் செய்து அதே போல்டரில் வைத்து, முழுப் போல்டரையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வேறு அறையில் வையுங்கள்.