சிவனொளிபாத மலையின் முக்கோண நிழல்

இலங்கைத் தீவின் நடுமலை நாட்டில், கடல்மட்டத்திற்கு 2,243 மீட்டர் உயரத்தில் சிவனொளிபாத மலையின் உச்சி அமைந்துள்ளது. சிங்களத்தில் இதனைச் சிறீபாத என்பர். ஆங்கிலேயர் ஆதாம் சிகரம் என்றனர். உச்சிப் பாறையிலுள்ள பாதச் சுவட்டை நான்கு சமயத்தவரும் தத்தம் மரபுப்படி போற்றுகின்றனர். 1344 ஆம் ஆண்டில் இங்கு வந்த மொராக்கோப் பயணி இபன் பதூதா, ஏறுவோர் பற்றிக்கொள்ளப் பாறையில் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஏறுவதற்குப் பல வழிகள் உண்டு. அட்டனிலிருந்து மசுகெலியா வழியாக நல்லதண்ணி சென்று, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட படிகளில் ஏறுவதே பெரும்பாலோர் செல்லும் வழி. இரத்தினபுரி வழி இதனினும் நீண்டது, காடு மிகுந்தது. டிசம்பர் முழுநிலவு முதல் மே மாத முழுநிலவு வரை மக்கள் இரவெல்லாம் ஏறி, விடியலுக்கு முன் உச்சியை அடைகின்றனர்.

நல்லதண்ணியிலிருந்து உச்சி ஏறத்தாழ 1,000 மீட்டர் மேலே உள்ளது. 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை 50 × 9.8 × 1,000 = 4,90,000 ஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்ற வல்லவை. எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாகிறது. நள்ளிரவிலும் வியர்த்துக் கொட்டுவது இதனால்தான். உச்சியிலோ காற்று, கடற்கரையைக் காட்டிலும் சுமார் 15 பாகை செல்சியசு குளிர்ந்திருக்கும். நனைந்த சட்டையுடன் அங்கே நின்றால் வியர்வை ஆவியாகி உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்!

இனி நிழலுக்கு வருவோம். கதிரவன் கிழக்கே எழுந்ததும் எல்லோரும் மேற்குப் பக்கம் திரும்புவர். அங்கே தாழ்நிலத்தின்மீதும் மூடுபனியின்மீதும், அடிமட்டம் வைத்து வரைந்தாற்போல் ஒரு முக்கோண நிழல் படிந்திருக்கும். "மலை கூம்பு வடிவம், ஆகவே நிழலும் முக்கோணம். இதில் வியப்பென்ன?" என்று வகுப்பில் எவரேனும் ஒருவர் தவறாமல் கேட்பார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த விடை போதாது. அவாய்த் தீவிலுள்ள மவுனா கியா (4,207 மீட்டர்) அகன்று, உச்சியில் பல சிறு எரிமலை மேடுகளைக் கொண்டது. அதன் நிழலும் கூரிய முக்கோணமாகவே தெரிகிறது.

நிழலின் நீளத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கதிரவனின் ஏற்றக்கோணம் 5 பாகை எனில், தாழ்நிலத்தில் விழும் நிழலின் நீளம் 2,243 ÷ டான் 5°, அதாவது ஏறத்தாழ 25.6 கிலோமீட்டர். 2 பாகை எனில் 64 கிலோமீட்டர்! இத்துணை நீண்ட பட்டையை அதன் ஒரு முனையில், உயரத்தில் நின்று நாம் நோக்குகிறோம். ஒளிக்கதிர்கள் ஏறக்குறைய இணையானவை. எனவே நிழலின் இரு விளிம்புகளும் இணையாகச் செல்லலாம். ஆயினும் தொலைவில் தண்டவாளங்கள் கூடுவதுபோல் அவை கதிரவனுக்கு நேர் எதிர்த்திசையிலுள்ள புள்ளியில் கூடுவதாகத் தோன்றும். மலை சதுரப் பெட்டி வடிவில் இருந்தாலும் நாம் காண்பது முக்கோணம்தான்.

பெட்டியின் தட்டையான மேல்விளிம்பு எங்கே போயிற்று? கதிரவன் ஒரு புள்ளியன்று. அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே ஒரு பொருளின் கருநிழல் அதன் அகலத்தைப்போல் சுமார் 107 மடங்கு தொலைவுக்குமேல் நீளாது. அதற்கப்பால் புறநிழல் மட்டுமே. 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள பென்சிலை வெயிலில் பிடித்து, அதன் நிழலை வெள்ளைத்தாளில் வீழ்த்துங்கள். தாள் 75 சென்டிமீட்டருக்கு அப்பால் சென்றதும் கருமை மறைந்து நிழல் மங்கிவிடும். 25 கிலோமீட்டர் தொலைவிலோ, 230 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள எதற்கும் கருநிழல் இராது. உச்சியிலுள்ள கோயில் கட்டடங்களும், அங்கே நின்று கையசைக்கும் நாமும் நிழலில் காணப்படாதது இதனால்தான். அகன்ற மேல்விளிம்பும் அத்தொலைவில் கண்ணுக்கு ஒரு புள்ளியாகக் குறுகிவிடுகிறது.

இன்னுமொரு விந்தை: சில நாள்களில் நிழல் தரையில் கிடக்காமல், வானில் எழுந்து நிற்பதுபோல் தோன்றும். ரால்ஃப் ஆபர்குராம்பி என்னும் வானிலை அறிஞர் 1880களில் இம்மலையின் நிழலை நேரில் ஆராய்ந்தார். காற்றடுக்குகளின் ஒளிவிலகலால் வரும் கானல்தோற்றம் என்று அதற்குமுன் கூறப்பட்டதை அவர் ஏற்கவில்லை. தரையிலிருந்து எழும் மூடுபனி திரைபோல் நின்று நிழலைத் தாங்குகிறது என்றார். இந்த விளக்கமே பொருத்தமானது. உயரமான மலையுச்சியில் தொடுவானம் கண்மட்டத்திற்குக் கீழே இருக்கும்; இங்கே கடல்திசையில் அது ஒன்றரைப் பாகை. கிழக்கே பிற மலைகள் மறைக்காத இடைவெளியில், கண்மட்டத்திற்குக் கீழேயே கதிரவன் தெரிந்தால், அதன் கதிர்கள் உச்சியைக் கடந்து சற்றே மேல்நோக்கிச் செல்லும். நிழலின் நுனியும் தொடுவானத்திற்குமேல் மூடுபனியில் விழும்.

கதிரவன் ஒரு பாகை ஏற இங்கே ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். அது ஏற ஏற முக்கோணத்தின் நுனி மலையடி நோக்கி இறங்கும். 10 பாகையில் நிழல் 13 கிலோமீட்டருக்கும் குறைந்துவிடும். மாலையில் இதே முக்கோணம் கிழக்கே தேயிலை மலைகளின்மீது விழும். பெரும்பாலோர் காலையிலேயே இறங்கிவிடுவதால் அதைப் பார்த்தவர் சிலரே.