கை மாறும் கடிகாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2023 ஏப்ரல் 14 அன்று, அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை, தன் ‘பெல் அண்ட் ராஸ்’ ரஃபேல் கடிகாரத்துக்கான ரசீதைச் செய்தியாளர்களிடம் காட்டினார். உலகம் முழுவதற்கும் 500 மட்டுமே செய்யப்பட்ட மாடல் அது. கோவைக்காரர் ஒருவர் கடையில் வாங்கிய அந்தக் கடிகாரத்தை, 2021 மே மாதம் 3 லட்சம் ரூபாய் கொடுத்து அவரிடமிருந்து வாங்கியதாகச் சொன்னார். ‘பில் எங்கே?’ என்று அப்போதைய தி.மு.க. அமைச்சர் செந்தில்பாலாஜி 2022 டிசம்பரில் எழுப்பிய கேள்விக்கான பதில் அது. அரசியலை ஒதுக்கிவிடுவோம். இரண்டு தனிநபர்களுக்கு இடையே கை மாறிய கடிகாரத்துக்கு இரண்டு வருடம் கழித்தும் எழுத்தில் ஆதாரம் தேவைப்பட்டது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர் பக்கத்து வீட்டு பீரோக்களிலும் விலை உயர்ந்த கடிகாரங்கள் இருக்கின்றன. துபாயிலிருந்து திரும்பிய அப்பா கொண்டுவந்தது, ஐ.டி. வேலையில் முதல் போனஸில் வாங்கியது, மாப்பிள்ளைக்கு மாமனார் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கல்லூரி ஃபீஸோ வீட்டுக்கான முன்பணமோ கட்டவேண்டி வரும்போது அதை விற்கலாமே என்று தோன்றும். கடைக்குப் போகாமல் நேரடியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு சரிதான். ஆனால், இதில் ஏமாறுவது எப்போதும் வாங்குபவர்தான் என்று நினைப்பது தவறு. விற்பவரைச் சுற்றியும் அதே அளவு வலை இருக்கிறது. அதில் சிக்கவைப்பவை நாம் உறுதியாக நம்பும் சில விஷயங்களே.

நம்பிக்கை 1: ‘நல்ல பிராண்ட் என்றால் விலை ஏறிக்கொண்டேதான் போகும்.’

உண்மை: சில மாடல்களுக்கு மட்டுமே ஏறும். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அந்த விலை அவர் பெயருக்கும் அந்தக் கடிகாரத்தின் வரலாற்றுக்கும் கிடைத்தது. பெரும்பாலான சொகுசுக் கடிகாரங்கள் கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும். மேலே சொன்ன ரஃபேல் கடிகாரம்கூட, அண்ணாமலை வெளியிட்ட விவரப்படி, 2021 மார்ச்சில் கடையில் நாலரை லட்சம்; மே மாதத்தில் 3 லட்சம். தேவை அதிகமுள்ள ரோலெக்ஸ் ஸ்டீல் மாடல்களும் 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு சறுக்கின. விளம்பரத்தில் போடும் விலை, விற்பவரின் ஆசை மட்டுமே. அதே மாடல், அதே வருடம், அதே நிலையில் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். பழைய கடிகாரம் வாங்கி விற்கும் கடைகள் இரண்டு மூன்றில் கேட்டால் அடிமட்ட விலை தெரிந்துவிடும். பீச் ஸ்டேஷன் வரை ரயிலில் போய் பர்மா பஜாரில் விசாரித்த விலையை மதிப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்பிக்கை 2: ‘பாலிஷ் போட்டுப் பளபளவென்று கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும்.’

உண்மை: நேர்மாறாகவே நடக்கும். பாலிஷ் போடும்போது கீறலோடு சேர்ந்து உலோகமும் தேயும். செயின் மாட்டும் முனைகளில் கூர்மையான விளிம்புகள் மழுங்கிப்போகும். சேகரிப்பாளர்களின் கண் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான். மங்கிய டயலைப் புதிதாக எழுதவைப்பதும் மதிப்பைக் கெடுக்கும். மென்மையான துணியால் துடைத்தால் போதும். அளவு குறைக்கக் கழற்றிய செயின் லிங்க்குகள், சர்வீஸில் மாற்றிய பழைய முள், பெட்டி, சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் தேடி எடுத்துவையுங்கள். அவை ஒவ்வொன்றும் விலையில் சேரும்.

நம்பிக்கை 3: ‘விநாடி முள் விட்டுவிட்டுத் துடிக்காமல் வழுக்கி ஓடினால் ஒரிஜினல்.’

உண்மை: வழுக்கி ஓடினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெக்கானிக்கல் இயந்திரம் என்று மட்டுமே தெரியும். இன்றைய ரோலெக்ஸ் கடிகாரங்களில் முள் விநாடிக்கு எட்டு முறை நகர்கிறது. கண்ணுக்கு அது ஒரே ஓட்டமாகத் தெரிகிறது. நல்ல போலிகளிலும் அதே வேகம் உண்டு. பின்மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடி வழியே இயந்திரத்தைப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். விற்பதற்கு முன் அந்தந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் காட்டி, ஒரிஜினல்தான் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அன்பளிப்பாக வந்ததென்றால் இது கட்டாயம். ஒரிஜினல் என்று சொல்லி விற்றது போலியாக இருந்தால், ‘விற்றபின் எனக்குப் பொறுப்பில்லை’ என்பது செல்லாது. 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, சொன்ன விவரமும் கொடுத்த பொருளும் ஒத்துப்போக வேண்டும். போலி என்று தெரிந்தே விற்றால், 1999-ம் வருடத்து வணிகச் சின்னச் சட்டத்தில் சிறைத் தண்டனையே உண்டு.

நம்பிக்கை 4: ‘ரொக்கமாக வாங்கினால்தான் பத்திரம்.’

உண்மை: பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி. மீறினால் பெற்ற தொகை முழுவதற்கும் சமமான அபராதம் வரலாம். அது பணம் கொடுத்தவருக்கு அல்ல, பெற்றவருக்கு. இன்று ஒரு லட்சம், நாளை ஒன்றரை லட்சம் என்று பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான்.

வங்கி வழியாக வாங்குவதிலும் கவனம் வேண்டும். ‘அனுப்பிட்டேன் சார்’ என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பணமாக எண்ணாதீர்கள். பணம் பெறுவதற்கு க்யூ.ஆர். ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ எப்போதும் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. 2 லட்சத்துக்கு மேல் என்றால் ஆர்.டி.ஜி.எஸ். நல்லது, 2020 டிசம்பரிலிருந்து எந்நேரமும் இயங்குகிறது. பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாருடைய கணக்கிலிருந்து பணம் வருகிறது என்பது. ‘நண்பர் அக்கவுன்ட்லேர்ந்து போடச் சொல்றேன்’ என்றால் மறுத்துவிடுங்கள். யாரையோ சைபர் மோசடியில் ஏமாற்றிய பணமாக அது இருந்தால், போலீஸ் முடக்குவது உங்கள் கணக்கையும் சேர்த்துத்தான். சம்பளமும் இ.எம்.ஐ.யும் அதே கணக்கில் என்றால் குடும்பமே நின்றுவிடும்.

நம்பிக்கை 5: ‘சொந்த வாட்சை விற்றாலும் ஜி.எஸ்.டி., வருமான வரி எல்லாம் கட்ட வேண்டும்.’

உண்மை: வியாபாரமாகச் செய்யாத ஒருவர், தான் கட்டிய கடிகாரத்தை விற்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சாதாரண ஸ்டீல் கடிகாரம் சொந்த உபயோகப் பொருள் என்பதால் மூலதன ஆதாய வரியும் வராது. தங்கத்தில் செய்ததோ வைரம் பதித்ததோ என்றால் நகைக் கணக்கில் சேர வாய்ப்புண்டு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்குக் கடைகள் 1 சதவீதம் வரி பிடிக்கும் விதி 2025 ஏப்ரல் 22-ல் வந்தது. வியாபாரம் செய்யாத தனிநபரை அது கட்டுப்படுத்தாது. ஆனால், வெளிநாட்டிலிருந்து வந்த கடிகாரத்துக்குச் சுங்க வரி கட்டிய ரசீது இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை 6: ‘கடிகாரத்தைக் கொடுத்தோம், காசு வாங்கினோம், கதை முடிந்தது.’

உண்மை: சந்திக்கும் இடத்திலிருந்தே யோசிக்க வேண்டும். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் எல்லாருக்கும் வசதி, ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டின் அந்தக் கூட்டத்தில், வண்டியை அணைக்காமல் நிற்பவரிடம் லட்ச ரூபாய்ப் பொருளை நீட்டக் கூடாது. வீட்டுக்கும் வரச் சொல்லாதீர்கள். உங்கள் வங்கிக் கிளைக்குள், வேலை நேரத்தில், துணைக்கு ஒருவரோடு சந்தியுங்கள். விளம்பரப் படத்தில் சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுங்கள்.

பிறகு, வெள்ளைத் தாளில் இப்படி எழுதுங்கள்: ‘இந்த மாடல், இந்த சீரியல் எண் கொண்ட கைக்கடிகாரம் எனக்குச் சொந்தமானது. பெட்டி, வாரன்டி கார்டு, இத்தனை லிங்க்குகளுடன், இன்ன தொகைக்கு, இன்ன வங்கிப் பரிமாற்ற எண் மூலம் பணம் பெற்று, இன்று இவரிடம் ஒப்படைத்தேன். பொருளைப் பரிசோதித்துப் பெற்றுக்கொண்டார்.’ இருவர் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் சேர்த்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்தக் கடிகாரம் ஏதோ வழக்கில் சிக்கினாலும், வருமான வரி அலுவலகம் கேட்டாலும் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைத்துவிட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

நேர்மையாக வாங்குபவருக்கும் அந்தத் தாள் தேவை. அதனால் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். கையெழுத்துப் போடத் தயங்குபவர் எத்தனை ஆயிரம் கூடுதலாகத் தந்தாலும் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.